டேங்க்குக்குப் பெயின்ட் அடிக்க நாள் பார்ப்பதில் நேரும் தவறுகள்

வடசென்னையின் மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை வட்டாரத்து எண்ணெய் டேங்க்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் நாளைப் பல நேரம் வானிலை முடிவு செய்வதில்லை. கோப்புதான் முடிவு செய்கிறது. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும். மதிப்பீடு, டெண்டர், ஒப்புதல் என்று காகிதம் மேசை மேசையாக நகரும். ஒப்பந்ததாரர் சாரம் கட்டி நிமிரும்போது ஐப்பசி பிறந்திருக்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும் என்பது கோப்புக்குத் தெரியாது.

அப்போது சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு: “இப்போதைக்கு பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, அடித்துவிடுவோம், மேல்பூச்சை மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” இரண்டு பொருள்களைக் கலந்து இறுக வைக்கும் ஈப்பாக்சி பூச்சுகளுக்கு இது ஆகாது. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே அதிகபட்சம் எத்தனை நாள் விடலாம் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளில் எழுதியிருக்கும். அந்தக் கெடு தாண்டினால் அடிப்பூச்சு இறுகி வழவழப்பாகிவிடும். மேலே அடிப்பது ஒட்டியதுபோல் நின்று பிறகு தோல்தோலாக உரியும். கழுவி, மறுபடி சொரசொரப்பாக்கிய பிறகே அடுத்த பூச்சு. அதற்கான செலவு எந்த மதிப்பீட்டிலும் இருப்பதில்லை.

மழை பெய்யாத நாளெல்லாம் நல்ல நாள் என்று நினைப்பது இதைவிட நுட்பமான தவறு. தை மாதக் காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். ஆனால் டேங்க்கின் கூரை இரவெல்லாம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றையும்விடக் குளிர்ந்து கிடக்கும். இங்கே பார்க்க வேண்டியது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. தகடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இதுதான் இத்தொழிலின் பொது விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று 22 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறத்தாழ 19.4. தகடு 22.4 டிகிரியாவது இருக்க வேண்டும், அதாவது காற்றைவிடச் சூடாக. வெயில் ஏறும் முன் அது நடக்காது. டேங்க்கில் எண்ணெய் பாதி நிரம்பியிருந்தால், அந்த மட்டத்துக்குக் கீழுள்ள தகடு இன்னும் தாமதமாகச் சூடேறும். மேலே உலர்ந்திருக்க, கீழே வியர்த்திருக்கும். ஒரே இடத்தில் அளந்து நாற்புறமும் சரி என்று எழுதிக்கொள்வது அதனால்தான் பிழை.

நம் முன்னோர் மார்கழி, தையை முன்பனி என்றும் மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் பிரித்தார்கள். முன்னதில் பனி இரவின் முற்பகுதியிலேயே இறங்கும். பின்னதில் விடியலை ஒட்டி. பெயின்டருக்கு இதைவிட நல்ல குறிப்பு வேண்டியதில்லை. முன்பனியில் மாலை ஐந்து மணிக்கு பாலியூரித்தேன் மேல்பூச்சு அடித்தால், அது இறுகுவதற்குள் பனி இறங்கி, மறுநாள் பளபளப்பு செத்துத் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும். குற்றம் பெயின்ட் கம்பெனியின் தலையில் விழும்.

கோடைக்கு வேறு கணக்கு. சித்திரை வெயிலில் தகடு 50 டிகிரியைத் தாண்டும். பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் துளி தகட்டைத் தொடுமுன்பே பாதி காய்ந்து, மணல் ஒட்டியதுபோல் படியும். கலந்து வைத்த ஈப்பாக்சி வாளியிலேயே இறுகும். துத்தநாக பிரைமரின் மேல் அடித்தால் அதன் நுண்துளைகளில் அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, பூச்சு முழுக்கக் குண்டூசித் துளைகள் விழும். நிழலைத் துரத்திப் போவதுதான் வழி: காலையில் மேற்குப் பக்கம், பிற்பகலில் கிழக்குப் பக்கம். ஆனால் வறட்சி எல்லாப் பெயின்டுக்கும் நல்லதல்ல. துத்தநாக சிலிக்கேட் பிரைமர் காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். கத்திரி வெயிலில், கடற்காற்று திரும்பும் முன், மேற்கிலிருந்து அனல் வீசும் முற்பகலில் அதை அடித்தால் உலர்ந்ததாகத் தோன்றும், இறுகியிருக்காது.

கடற்காற்று உப்பையும் கொண்டுவருகிறது. மழை அதைக் கழுவிவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. கூரை விளிம்பின் அடியிலும் டேங்க்கைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தின் கீழும் மழை எட்டுவதில்லை, உப்பு அங்கே ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. கிரிட் பிளாஸ்டிங், அதாவது கூரான துகள்களை வேகமாக அடித்துத் தகட்டைச் சுரண்டுவது, துருவை எடுக்கும், கரைந்து ஊறிய உப்பை முழுதாக எடுக்காது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு பிளாஸ்டிங் செய்து, உப்புச் சோதனை பார்த்து, அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். கடலோரத்தில் வெறுந்தகட்டை இரவு முழுக்க விட்டால் விடியும்போது பழுப்பேறியிருக்கும்.

சென்னை அட்டவணையைத் தூத்துக்குடிக்கு அப்படியே எடுத்துப் போவதும் தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் மாலை இடிமழை அச்சுறுத்தும். தூத்துக்குடியில் அப்போது மழை அரிது, காற்றுதான் தொல்லை. புழுதி ஈரப் பூச்சில் ஒட்டும், பெயின்ட் பறந்து போய் நிறுத்தியிருக்கும் கார்களில் படியும். அங்கே உருளையும் பிரஷும் துப்பாக்கியைவிடப் பயன்படும்.

சென்னையில் என்னைக் கேட்டால், ஆடியில் டெண்டரைத் திறந்து, மழைக்காலத்தில் காகித வேலையையும் பொருள் வாங்குவதையும் முடித்து, தைப் பொங்கல் கழிந்ததும் சாரம் கட்டுவேன். பங்குனி முடிவதற்குள் மேல்பூச்சு முடிந்துவிடும். அந்த மாதங்களிலும் காலை ஒன்பது மணிக்கு முன் துப்பாக்கியைத் தொட விடமாட்டேன்.