கரண்ட், கேஸ் கம்பெனி மாற்றும் முன் போட்ட கணக்கு

லண்டனில் எங்கள் ஃபிக்ஸட் டாரிஃப் (குறிப்பிட்ட காலத்துக்கு விலை மாறாத ஒப்பந்தம்) முடியும் நேரம். ஒப்பீட்டுத் தளங்கள் எல்லாம் மாதத் தொகையைத்தான் பெரிதாகக் காட்டின. நான் பழைய பில்லில் இருந்த வருட கிலோவாட் மணியை யூனிட் விலையால் பெருக்கி, ஸ்டாண்டிங் சார்ஜை (பயன்படுத்தாவிட்டாலும் தினமும் கட்டும் நிலையான கட்டணம்) 365ஆல் பெருக்கிக் கூட்டினேன். எங்களுடையது சின்ன ஃப்ளாட், கேஸ் அதிகம் ஓடாது. யூனிட் மலிவு, ஸ்டாண்டிங் சார்ஜ் அதிகம் என்ற திட்டம் கட்டுப்படியாகவில்லை. எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வைக்கும் விலை வரம்பும் யூனிட் விலை, ஸ்டாண்டிங் சார்ஜ் இரண்டுக்கும்தான், மொத்த பில்லுக்கு அல்ல. டிவியில் சொல்லும் தொகையைக் கேட்டு, பில் அதற்கு மேல் போகாது என்று பலர் குழம்புகிறார்கள்.

ஒப்பந்தத்தின் கடைசி 49 நாளில் எக்ஸிட் ஃபீ (முன்கூட்டியே விலகுவதற்கான கட்டணம்) கிடையாது, அந்த நாட்களில் மாறிவிட்டேன். அன்றே இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்தேன். பழைய கம்பெனியின் இறுதி பில்லில் கேஸ் ரீடிங் கூடுதலாக இருந்தது. போட்டோவை அனுப்பியதும் திருத்திவிட்டார்கள்.