ரங்கூனுக்கு வருகிறீர்களா? முதலில் சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் யார் வந்தாலும் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அனோரத்தா சாலைக் காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. தாத்தா குடியிருந்த இடத்தைப் பார்க்க வேண்டும், பாட்டி கும்பிட்ட சாமியைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக வருவார்கள். மறுநாளே, "இந்தச் சாப்பாடு ஒத்துக்கல, வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டாலே எனக்குக் காரணம் விளங்கிவிடும்.

இங்கே கடிகாரம் இந்தியாவைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஊர்ப் பழக்கத்தில் ஒன்றரைக்குப் பசி எடுப்பவருக்கு இங்கே மணி இரண்டரை ஆகியிருக்கும். இந்த ஊரோ 11 மணிக்கே மதியச் சோற்றுக்கு உட்கார்ந்துவிடும். மாலை ஐந்தரை, ஆறுக்குப் பல வீடுகளில் இரவுச் சாப்பாடும் முடிந்துவிடும். நீங்கள் ஒன்பது மணிக்குச் சாப்பாடு தேடிக் கிளம்பினால், காலையில் வைத்த குழம்பின் அடிச்சட்டிதான் கிடைக்கும்.

பர்மியச் சோற்றுக்கடையில் குழம்பு வைக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் இது புரியும். விடியற்காலையில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சளை எண்ணெயில் வதக்கி, கறியோ மீனோ போட்டு, தண்ணீர் வற்றி எண்ணெய் மேலே மிதக்கும்வரை வேகவைத்து இறக்குவார்கள். பிறகு சட்டிகளைக் கடை முகப்பில் வரிசையாக வைத்துவிடுவார்கள். 11 மணிக்குப் போனால் அது புதுக் குழம்பு. நாளெல்லாம் வெக்கையில் நின்ற பிறகு அதே குழம்பை நம்பக்கூடாது. மின்வெட்டு அடிக்கடி இருப்பதால் குளிர்பெட்டியை நம்பியும் பயனில்லை. அதனால் கறி, மீன் எல்லாம் மதியத்தோடு. இரவுக்கு, கண் முன்னால் சுடச்சுட வதக்கித் தருகிற நூடுல்ஸோ, அப்போதே போடும் பரோட்டாவோ போதும்.

கடையில் உட்கார்ந்ததும் ஒரே ஒரு குழம்பைக் கேளுங்கள். மிச்சமெல்லாம் தானே வரும்: ஒரு கிண்ணம் சூப், ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய்களும் கீரைகளும், நடுவில் ஙாப்பி. மீனையோ இறாலையோ உப்புப் போட்டு ஊறவைத்து அரைத்த விழுதுதான் ஙாப்பி. முதல் நாளே அதில் கை வைக்க வேண்டாம், பச்சைக் காயும் வேண்டாம். மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சூப் புளிச்சக்கீரையாக இருந்தால் உங்களுக்கு யோகம். அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால் ரசம் இல்லையே என்ற குறை தெரியாது. கையால் சாப்பிடக் கூச்சம் வேண்டாம், இந்த ஊர்ப் பழக்கமும் அதுதான்.

காலைக்கு மொகிங்கா. சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸும் மொகிங்காவும் சாப்பிட்டவர்களுக்கு நாக்கு பாதி பழகியிருக்கும். இங்கே மீன் வாசம் தூக்கலாக இருக்கும். கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, வாழைத்தண்டும் எலுமிச்சைப் புல்லும் போட்டு, கடலை மாவு கரைத்துக் கொதிக்கவிட்ட குழம்பு அது. அரிசி நூடுல்ஸ் மேல் அதை ஊற்றி, பருப்பு வடையை நொறுக்கிப் போட்டு, கொத்தமல்லி தூவித் தருவார்கள். எலுமிச்சம்பழத்தை நன்றாகப் பிழியுங்கள், மீன் வாசம் அடங்கும். வறுத்த மிளகாய்த்தூளைக் கொஞ்சமாகப் போடுங்கள். ஆறு, ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது, பல தள்ளுவண்டிகளில் ஒன்பதுக்கெல்லாம் பானை காலியாகிவிடும். மீன் வேண்டாம் என்பவர்களுக்கு வேகவைத்த பட்டாணியும் நான் ரொட்டியும் உண்டு. கடலை மாவில் கிண்டிய ஷான் டோஃபுவும் நம் வயிற்றுக்கு இதம்.

சைவக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கறி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. கீரைப் பொரியலில் ஙாப்பி இருக்கும், சாலட்டில் காய்ந்த இறால் பொடி இருக்கும், வதக்கலில் மீன் சாஸ் விழும். ஙாப்பி, காய்ந்த இறால், மீன் சாஸ், முட்டை எதுவும் போடக்கூடாது என்று இங்கே யாரிடமாவது பர்மிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

தண்ணீர் விஷயத்தில் டீக்கடைதான் துணை. மேசை மேல் ஃப்ளாஸ்கில் பாலில்லாத தேநீர் காசில்லாமல் வைத்திருப்பார்கள். கொதித்த தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம். காசு கொடுத்து வாங்கும் பால் டீயில் கன்டென்ஸ்டு மில்க் ஏராளம், சர்க்கரைக்காரர்கள் தொடவேண்டாம். மூன்று மணி வாக்கில் இரண்டு சமோசாவோடு அங்கே உட்கார்ந்தால் ஆறு மணி வரை தாங்கும். ஊறவைத்த தேயிலையில் செய்யும் லப்பே சாலட் அருமையாக இருக்கும், ஆனால் அது தேயிலையேதான். மாலைக்கு மேல் சாப்பிட்டால் தூக்கம் போய்விடும்.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரைக்காரர்களும் புறப்படுவதற்கு முன்பே இந்த நேரங்களை டாக்டரிடம் சொல்லி, எந்த வேளை மருந்தை எப்போதைக்கு மாற்றுவது என்று கேட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு முடிந்தால், மறுநாள் காலை வரை இடைவெளி நீளம். படுக்கைக்குப் பக்கத்தில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் இருக்கட்டும்.

பர்மியர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். வீட்டுப் பெரியவர் தட்டில் முதலில் பரிமாறுவார்கள், அதுவரை கை வைக்காமல் இருங்கள். ஙாப்பி பிடிக்காவிட்டால் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.