பழைய கம்ப்யூட்டர் வாங்க எல்லை தாண்டும் முன்

போன தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. குழித்துறைப் பக்கம் பேக்கரி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் காலை எட்டு மணிக்கே போன் செய்தார். “மக்கா, கொஞ்சம் வேகமா வாடே. பில்லு போடுற கம்ப்யூட்டர் நின்னு போச்சு, ஆளு வரிசையா நிக்காவ.”

போய்ப் பார்த்தால் ஹார்டு டிஸ்க் உள்ளே தட்டிக்கொண்டிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி, அந்தப் பக்கம் ஒரு கடையில் 9,000 ரூபாய்க்கு வாங்கிய கம்ப்யூட்டர். கேக் ஆர்டர், முன்பணம் கொடுத்தவர்கள் பெயர், பற்றுக் கணக்கு எல்லாம் அதற்குள். டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டியபோது ஒரு விஷயம் தெரிந்தது: அது 41,000 மணி நேரம் ஓடியிருந்தது. இரவு பகலாக நான்கரை வருடத்துக்கும் மேல். சிசிடிவி பெட்டிக்கென்றே விற்கும் வகை டிஸ்க் அது. ஏதோ ஒரு கேமரா பெட்டியிலிருந்து எடுத்து இதில் போட்டிருக்கிறார்கள். அண்ணன் தீபாவளி வியாபாரம் முழுவதையும் நோட்டில் எழுதித்தான் சமாளித்தார்.

பழையது வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மார்த்தாண்டம், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நான் பழுது பார்க்கப் போகும் கடைகளில் பல பழைய சாதனங்களில்தான் ஓடுகின்றன, நன்றாகவே ஓடுகின்றன. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள். திரை எரிந்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கடையில் அது என்ன வேலை செய்யப் போகிறதோ, அந்த வேலையை விற்கிறவர் மேசையிலேயே செய்ய வைத்துப் பார்க்க வேண்டும்.

‘ஐ5’ என்ற பெயரை மட்டும் கேட்பது

“ஐ5 ஆணு சேட்டா, ஒரு கம்ப்ளைன்டும் இல்ல” என்பார்கள். ஐ5 என்பது இன்டெல் கம்பெனியின் பிராசஸர்களுக்கு, அதாவது கம்ப்யூட்டரின் மூளைக்கு, 2009-லிருந்து வரும் பெயர். அதற்குப் பின்னால் இருக்கும் எண்தான் வயதைச் சொல்லும். ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை, 2013-ஐச் சேர்ந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. இந்த வித்தியாசம் இப்போது முன்னைவிட முக்கியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கிக் கணக்கும் திறக்கிற கம்ப்யூட்டரில் அந்தக் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம்.

அங்கேயே விண்டோஸை அழித்துப் போடச் சொல்லாதது

இந்த ஒரு சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பென் டிரைவில் விண்டோஸை ஏற்றிக் கையோடு கொண்டு போங்கள். பணம் கொடுக்கும் முன், இருப்பதை முழுசாக அழித்துப் புதிதாகப் போட்டு, இன்டர்நெட்டில் இணைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம், கூடிப்போனால் ஒரு மணி நேரம் ஆகும்.

அதில் மூன்று விஷயம் தெரிந்துவிடும். முதலாவது, விண்டோஸ் உரிமம். கம்பெனிகள் விற்ற கம்ப்யூட்டர்களில், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே உரிம எண்ணை மதர்போர்டிலேயே (எல்லாப் பாகமும் பொருந்தும் பலகை) பதித்து அனுப்புகிறார்கள். அப்படி இருந்தால் இன்டர்நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும். ஆகவில்லை என்றால், முன்பு திரையில் பார்த்தது கள்ளச் சாவியாக இருக்கலாம். இரண்டாவது, பூட்டு. ஐ.டி. கம்பெனிகள் கழித்துக்கட்டும் லேப்டாப்கள் மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் சிலவற்றைக் கம்பெனி தன் பட்டியலிலிருந்து நீக்கியிருக்காது. அப்படிப்பட்ட லேப்டாப் புதிதாக விண்டோஸ் போட்டு இன்டர்நெட்டில் சேர்ந்த உடனே அந்தக் கம்பெனியின் பெயரைக் காட்டி, அவர்கள் மெயில் முகவரியைக் கேட்டு நின்றுவிடும். உங்களால் அதைத் தாண்ட முடியாது. மூன்றாவது, பழைய சொந்தக்காரர் விட்டுப்போன வைரஸும் வேவு மென்பொருளும் அதோடு போய்விடும். விண்டோஸ் வரும் முன்பே திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள்ளும் ஒருமுறை நுழைந்து பாருங்கள். அங்கே பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பைக் கீழே வைத்துவிடலாம்.

தேயும் பாகங்களைத் தேயாதது போல நினைப்பது

மதர்போர்டும் பிராசஸரும் பத்து வருடம்கூட உழைக்கும். டிஸ்க், பேட்டரி, பிரிண்டரின் அச்சுத் தலை ஆகியவை அப்படி இல்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது, பழுது தொடங்கிவிட்டதா என்று இரண்டு நிமிடத்தில் காட்டிவிடும். என் கருத்து என்னவென்றால், டிஸ்க் எப்படி இருந்தாலும் அதைக் கழற்றிவிட்டுப் புது எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று போடுவதையும் சேர்த்தே விலையைக் கணக்குப் பண்ணுங்கள். லேப்டாப் என்றால் விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். முதலில் இருந்த கொள்ளளவில் இப்போது பாதிதான் ஏறுகிறது என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். யு.பி.எஸ். பழையது வாங்கினால் உள்ளே இருக்கும் பேட்டரிக்கு மதிப்பே போடாதீர்கள்.

இடியும் உப்பும்

இது நம் பக்கத்துக்கே உரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நமக்கு இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இறங்கும் இடி கேபிள் வழியாக வந்து முதலில் தின்பது லேன் போர்ட்டைத்தான், அதாவது நெட்வொர்க் கேபிள் மாட்டும் துளையை. கம்ப்யூட்டர் எரியாது, வைஃபையில் நன்றாக ஓடும். விற்கிறவரும் வைஃபையில்தான் காட்டுவார். கடைக்குக் கொண்டுவந்து பில் பிரிண்டரை லேன் கேபிளில் மாட்டும்போதுதான் அந்தப் போர்ட் செத்தது தெரியும். ஒரு லேன் கேபிளையும் கையோடு கொண்டு போங்கள். எல்லா யு.எஸ்.பி. துளைகளிலும் பென் டிரைவை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. நீரோடி, கொல்லங்கோடு, பொழியூர் மாதிரிக் கடலோரத்தில் ஓடிய கம்ப்யூட்டர் வெளியே பளபளப்பாக இருக்கும். பக்கத்துத் தகட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். திருகாணியில் துரு, செம்பு தெரியும் இடங்களில் பச்சைப் பூப்பு இருந்தால் அது இன்று ஓடும், அடுத்த மழைக்காலத்துக்கு என்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது. திறக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

கல்ஃபிலிருந்து வந்தது என்றால் தனியாகப் பாருங்கள்

கல்ஃபிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் பொருள் இங்கே நிறையக் கைமாறுகிறது. தரத்தில் குறை சொல்ல முடியாது. கீபோர்டில் அரபி எழுத்து இருந்தால் பழகிவிடலாம். ஆனால் பிரிண்டர் வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சில இங்க் பிரிண்டர்கள் எந்த நாட்டுப் பகுதிக்கென்று விற்கப்பட்டனவோ அந்தப் பகுதியின் கார்ட்ரிட்ஜை மட்டும்தான் ஏற்கும். நாகர்கோவிலில் வாங்கிய கார்ட்ரிட்ஜைப் போட்டால் ‘பொருந்தாது’ என்று காட்டும். இங்கே வாங்கிய புதுக் கார்ட்ரிட்ஜைப் போட்டு ஒரு தாள் அடித்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். சதுர முள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு ஒயரை நேராகச் சொருகுவதை நான் பல கடையில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது, வெட்டும்போது அதுவும் போய்விடும். நம்மூர் பவர் கார்டு ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

தராசை மறந்துவிடுவது

எலக்ட்ரானிக் தராசைக் கம்ப்யூட்டர் மாதிரி நினைத்து வாங்குகிறார்கள். அதற்குச் சட்டம் உண்டு. வியாபாரத்துக்குப் பயன்படும் எலக்ட்ரானிக் தராசை 12 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும், பழுது பார்த்தாலும் மறுபடி வைக்க வேண்டும். கேரளத்தில் இதற்குத் தனித் துறை இருக்கிறது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை பார்க்கிறது. அந்தப் பக்கம் வாங்கிய தராசின் சான்றிதழ் பழைய கடைக்காரர் பெயரில் இருக்கும். இங்கே உங்கள் கடைப் பெயரில் முத்திரை வாங்கிய பிறகு வியாபாரத்தைத் தொடங்குங்கள். வாங்கும்போது ஒரு கிலோ எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை மாறினால் உள்ளே எடையை உணரும் லோடு செல் கெட்டிருக்கலாம். 30 கிலோ தராசு பல சமயம் ஐந்து ஐந்து கிராமாகத்தான் நகரும். அரிசிக்குச் சரி, கிராம்பு விற்கிறவருக்கு அந்த ஐந்து கிராம் பெரிய தொகை.

பில் பிரிண்டரில் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று இரண்டு அகலம் உண்டு. ஜி.எஸ்.டி. விவரத்தோடு பில் கொடுப்பவர் மூன்று அங்குலமே வாங்கலாம். ஃபீடு பட்டனை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் பெரும்பாலானவை ஒரு சோதனைத் தாளை அடித்துக் காட்டும். அதில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு ஓடினால் அச்சுத் தலையில் புள்ளிகள் போயிருக்கலாம். கார்டு தேய்க்கும் மிஷினையும் யு.பி.ஐ. ஒலிபெருக்கியையும் செகண்ட் ஹேண்டில் வாங்கவே வேண்டாம், அவை வேறொருவர் கணக்கோடு கட்டப்பட்டவை.

பில் இல்லாமல் வாங்குவது

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து, எல்லையில் விற்பனை வரிச் சாவடிகள் போன பிறகு, பில் தேவையில்லை என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அது தவறு. மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு) வேண்டும். நாலைந்து கம்ப்யூட்டர் சேர்த்து வாங்கினாலே அந்தத் தொகை வந்துவிடும். அதைவிட எனக்குப் பெரிய கவலை திருட்டுப் பொருள். பில்லில் ‘பழைய கம்ப்யூட்டர் 1’ என்று எழுதினால் போதாது, சாதனத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். கடைக்குப் பழைய போன் வாங்கினால் *#06# அடித்து அந்தப் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுங்கள். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அரசின் பட்டியலில் அந்தப் போனின் நிலை என்ன என்று பதில் வரும்.

பேக்கரி அண்ணனும் நானும் கார்த்திகையில் மறுபடி எல்லை தாண்டினோம். பென் டிரைவ், லேன் கேபிள், டார்ச், ஒரு பில் ரோல், அவர் கடைப் பிரிண்டர் எல்லாம் ஒரு பையில். முதல் கடையில் திறந்து பார்க்க விடவில்லை, கிளம்பிவிட்டோம். இரண்டாவது கடையில் மூன்று கம்ப்யூட்டர்களைச் சோதித்தோம். ஒன்றில் லேன் போர்ட் வேலை செய்யவில்லை, ஒன்றில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை. மூன்றாவது எல்லாவற்றிலும் தேறியது. எட்டாம் தலைமுறை ஐ5, விலை 14,000 ரூபாய். சீரியல் எண்ணோடு பில், ஒரு மாத வாரண்டியைக் கையால் எழுதிக் கையெழுத்து. புது எஸ்.எஸ்.டி.யை அங்கேயே மாட்டினோம். இப்போது தினமும் இரவு கடை அடைக்கும் முன் அண்ணன் கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, வீட்டுச் சாவியோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்.