ஓ.டி. என்று எழுதியிருந்தால் எப்படி வாசிப்பது?

இந்தப் பதிவில் ஓ.டி. என்று நான் எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதும் அந்த இரண்டு எழுத்தைத்தான். அதில் டி என்பது டொக்டருக்கு வரும் எழுத்து, ரீச்சருக்கு வரும் எழுத்து இல்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே போகப் போக விளங்கும்.

அம்மா ரொறன்ரோவில் அண்ணா வீட்டில் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தார். அங்கே கண் பரிசோதித்துக் கொடுத்த கடதாசியில் ஓ.டி. என்று ஒரு வரி, ஓ.எஸ். என்று ஒரு வரி. மட்டக்களப்புக் கல்லடியில் கண்ணாடி செய்யக் கொடுத்தபோது கடைக்காரர் பொறுமையாகச் சொல்லித் தந்தார்: ஓ.டி. வலது கண், ஓ.எஸ். இடது கண். அதை அப்படியே மனதில் பதித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் இங்கே ஒரு கண் கிளினிக்கில் அம்மாவுக்குக் குளுக்கோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு பாதிக்கப்படும் நோய்) என்று சொல்லி, கண்ணுக்கு விடும் துளிமருந்து தந்தார்கள். பெட்டியின் மேல் பேனையால் எழுதியிருந்தது 'ஒரு துளி', அதற்குப் பக்கத்தில் ஓ.டி. எனக்குத்தான் தெரியுமே, வலது கண். ஒவ்வொரு இரவும் அம்மாவின் வலது கண்ணில் ஒரு துளி விட்டேன். "ஏன் புள்ள, மற்றக் கண்ணுக்கு விடுறல்லையா?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டார். "வலது கண்ணுக்கு மட்டுந்தான் எழுதியிருக்காரு அம்மா" என்று நான் சொன்னேன்.

ஆறு கிழமை கழித்துக் கண் அழுத்தம் அளந்தார்கள். வலது கண்ணில் இறங்கியிருந்தது, இடது கண்ணில் அப்படியே நின்றது. அந்த ஓ.டி.க்கு நாளைக்கு ஒருதரம் என்பதுதான் பொருள். மருந்து இரண்டு கண்ணுக்கும் உரியது. அதற்குப் பிறகுதான் சுருக்கெழுத்துகளை வாசிக்க எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: யாருடைய கடதாசி?

எழுத்துக்கு விரிவு தேட முன்னம், எழுதியவர் என்ன தொழில் செய்கிறவர் என்று பாருங்கள். நாம் தினமும் செய்கிற காரியம்தான் இது. பிரதேச செயலகத்துக்குப் போய்வந்தவர் டி.எஸ். என்றால் பிரதேச செயலாளரைச் சொல்கிறார். வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர் டி.எஸ். என்றால் இலங்கையின் முதல் பிரதமர் சேனநாயக்கவைச் சொல்கிறார். அம்பாறையில் இங்கினியாகலைக் குளத்துக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெயர் அவரால் வந்தது. பேச்சில் இதை யாரும் குழப்புவதில்லை, ஆளைப் பார்த்தே பிடித்துவிடுகிறோம். கடதாசியில் ஆள் இல்லாததால்தான் தடுமாறுகிறோம்.

படி 2: பக்கத்தில் என்ன நிற்கிறது?

நான் கோட்டைவிட்டது இங்கேதான். நான் அந்த இரண்டு எழுத்தை மட்டும் பார்த்தேன், அதன் அயலைப் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கடதாசி என்றால் ஓ.டி. ஒரு வரிசையின் தொடக்கத்தில் இருக்கும், அதற்குக் கீழே ஓ.எஸ். இருக்கும். மேலே எஸ்.பி.எச்., சி.வை.எல்., அக்ஸிஸ் என்று தலைப்புகள். எண்களுக்கு முன்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறி இருக்கும், அந்த எண்கள் பெரும்பாலும் 0.25, 0.50, 0.75 என்று கால் காலாக ஏறும். அக்ஸிஸ் என்ற நிரலில் 180ஐத் தாண்டி எண் வராது. இவ்வளவும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், ஓ.டி. வலது கண். 'ஒக்குலஸ் டெக்ஸ்டர்' என்ற லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. எங்கள் பக்கம் இதையே ஆர்.ஈ., எல்.ஈ. என்று எழுதுகிறவர்களும் உண்டு. குழப்பம் குறைவு என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். வலது என்பது நோயாளியின் வலது. நீங்கள் முன்னால் நின்று மருந்து விட்டால் அது உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். அம்மாவின் தலைமாட்டுக்குப் பின்னால் நின்று விடப் பழகிய பிறகு எனக்கு அந்தத் தடுமாற்றமும் போயிற்று.

குளிசைச் சிட்டை என்றால் ஓ.டி. மருந்தின் பெயருக்கும் அளவுக்கும் பின்னால் வரும். அடுத்த வரிகளில் பி.டி., ரி.டி.எஸ். இருக்கிறதா என்று பாருங்கள். பி.டி. நாளைக்கு இரண்டு தரம், ரி.டி.எஸ். மூன்று தரம். இவற்றோடு சேர்ந்து நிற்கும் ஓ.டி. நாளைக்கு ஒருதரம். இதுவும் லத்தீன்தான், 'ஒம்னி டீயே', ஒவ்வொரு நாளும். 'மானே' என்றிருந்தால் காலை, 'நொக்டே' என்றிருந்தால் இரவு.

இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் கண் மருந்து. அங்கே வலது கண் என்பதும் பொருந்தும், நாளைக்கு ஒருதரம் என்பதும் பொருந்தும். இது எனக்கு மட்டும் நடந்த பிழை இல்லை. மருந்துப் பிழைகளைக் கவனிக்கும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமெரிக்க அமைப்பு, பிழைக்கு இடம் கொடுக்கும் சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் ஓ.டி. இருக்கிறது. நாளைக்கு ஒருதரம் என்று எழுதியதை வலது கண் என்று எடுத்து, வாயால் குடிக்கும் மருந்தைக் கண்ணில் விட்டுவிடும் ஆபத்தை அந்தப் பட்டியல் சொல்கிறது. அதை வாசித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

என் விஷயத்தில் விடை கைக்குள்ளேயே இருந்தது. கிளினிக் கொப்பியில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் பி.ஈ. என்று எழுதியிருந்தார்கள். இரண்டு கண்ணும் என்று அர்த்தம். நான் மருந்துப் பெட்டியை மட்டும் பார்த்தேன், கொப்பியைத் திறக்கவே இல்லை. ஆகவே ஒரு கடதாசியில் பிடிபடாவிட்டால், அதே ஆள் எழுதிய மற்றக் கடதாசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வங்கிக் கூற்றில் மீதித் தொகைக்குப் பக்கத்தில் ஓ.டி. இருந்தால் அது மேலதிகப்பற்று. கணக்கில் இருந்ததற்கு மேல் எடுத்தாயிற்று, அந்தத் தொகையை நீங்கள் வங்கிக்குக் கட்ட வேண்டும். நடைமுறைக் கணக்கு வைத்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது பழகின சங்கதி. மருத்துவக் குறிப்பில், ஒருவர் எதையோ அளவுக்கு மிஞ்சி விழுங்கி வந்த விவரத்தோடு ஓ.டி. வந்தால் அது ஓவர்டோஸ்.

ஓ.டி. வரும் இன்னொரு இடம் பைப். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாகும் இடம் அது. பைப் அளவுப் பட்டியலில் ஓ.டி. என்றால் வெளிவிட்டம், ஐ.டி. என்றால் உள்விட்டம். பீ.வி.சி. பைப்பில் அச்சிட்டிருக்கும் மில்லிமீற்றர் அளவு வெளிவிட்டம்தான். சொக்கட், எல்போ போன்ற இணைப்புகள் எல்லாம் பைப்பின் வெளிப்பக்கம் ஏறிப் பொருந்துவதால் வெளிவிட்டம் மாறக்கூடாது. கூடுதல் அழுத்தம் தாங்கும் பைப்பில் சுவர் தடித்து உள்விட்டம்தான் குறையும். ஆனால் கடையில் நாங்கள் அங்குலக் கணக்கில் கேட்கிறோம். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர், ஆகவே 25 என்று அச்சிட்டது ஒரு அங்குலப் பைப் என்றுதானே தோன்றும்? இல்லை. 25 முக்கால் அங்குலம், 32தான் ஒரு அங்குலம், 20 அரை அங்குலம். கல்முனையில் 25ஐ வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர்த் தாங்கியின் பைப்போடு பொருந்தாமல் மறுநாள் திரும்பப் போனேன். பழைய பைப்பில் அச்சு அழிந்திருந்தால் ஒரு நூலைச் சுற்றி ஒரு சுற்றின் நீளத்தை அளந்து 3.14ஆல் வகுங்கள். நூறு மில்லிமீற்றர் அளவு வந்தால் அது 32. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வந்தால் 25.

படி 3: விரித்து, உரத்து வாசியுங்கள்

சுருக்கத்தை எடுத்துவிட்டு, நீங்கள் நினைக்கும் பொருளை அந்த இடத்தில் முழுதாக வைத்து வாய்விட்டு வாசியுங்கள். 'இந்தக் குளிசை ஒன்று, வலது கண்' என்று வாசித்தால் காதே பிழை என்று சொல்லிவிடும். 'ஒரு துளி, வலது கண்' என்று வாசித்தால் சொல்லாது. அடுத்து மற்றப் பொருளையும் வைத்து வாசியுங்கள்: 'ஒரு துளி, நாளைக்கு ஒருதரம்.' இரண்டும் காதுக்குச் சரியாக இருந்தால் அதற்கு மேல் நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: கேட்கும் விதம்

"ஓ.டி. என்றால் வலது கண்தானே?" என்று கேட்காதீர்கள். சனம் நிறைந்த பாமசியில் வேலை செய்கிறவர் அவசரத்தில் "ஓம்" என்பார், அவர் சொன்னதும் பிழை ஆகாது, ஏனென்றால் அப்படியும் ஒரு பொருள் இருக்கிறது. விடையைக் கேள்விக்குள் வைக்காமல் கேளுங்கள்: "இது எந்தக் கண்ணுக்கு? நாளைக்கு எத்தனை தரம்? எத்தனை நாளுக்கு?" இந்த மூன்றையும் கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பி அவரிடமே சொல்லிக் காட்டுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

பாமசியில் வெட்கப்பட்டுக் கேட்காமல் வருகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். இது ஆங்கிலமும் இல்லை, லத்தீன். தாராளமாகக் கேளுங்கள்.

படி 5: தமிழில் எழுதி ஒட்டுங்கள்

ஒரு துண்டு மாஸ்கிங் ரேப், அழியாத மார்க்கர் பேனை. போத்தலிலேயே ஒட்டுங்கள், பெட்டியில் ஒட்டினால் பெட்டி குப்பைக்குப் போய்விடும். அம்மாவின் போத்தலில் இப்போது இருப்பது: 'இரண்டு கண்ணும், இரவு 8 மணி, ஒவ்வொரு துளி.' அம்மாவும் அதை வாசித்து, நான் பிந்தினால் எனக்கு நினைவுபடுத்துகிறார்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு எழுத்தை மட்டும் போட்டுத் தேடினால் எந்தப் பொருளும் மேலே வரலாம். பக்கத்தில் நிற்கும் ஒரு சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்: பைப் என்றோ, எஸ்.பி.எச். என்றோ, வங்கிக் கூற்று என்றோ. விக்கிப்பீடியாவில் ஒரே பெயருக்குப் பல பொருள் இருந்தால் அவற்றைப் பட்டியலிட்டு வழிகாட்டும் பக்கங்கள் உண்டு, என்னென்ன பொருள் இருக்கக்கூடும் என்று ஒரு பார்வை பார்க்க அவை நல்லவை. கமராவைப் பிடித்தால் மொழிபெயர்க்கும் செயலிகளை மருந்துச் சிட்டைக்குப் பாவிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கைப்பேசிக் கமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது மட்டும் உண்மையில் உதவும்.

பின்னர் சேர்த்தது

சென்னையிலிருந்து ஒரு வாசகர் எழுதினார்: "எங்கள் வீட்டில் ஓ.டி. என்றால் கூடுதல் நேர வேலைக்கு வரும் சம்பளம். கல்லூரியில் ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி. அதையெல்லாம் ஏன் விட்டீர்கள்?" நல்ல கேள்வி, தமிழ் எழுத்தோடு சம்பந்தப்பட்ட கேள்வி. இங்கே நாங்கள் ரொறன்ரோ, ரீவி, ரீச்சர் என்று எழுதுகிறோம், அங்கே டொராண்டோ, டிவி, டீச்சர் என்று எழுதுகிறார்கள். அதனால் ஓவர்ரைம் என்ற கூடுதல் நேர வேலையும் ஒப்பரேஷன் தியேட்டர் என்ற சத்திரசிகிச்சைக் கூடமும் எங்கள் எழுத்தில் ஓ.ரி., அவர்கள் எழுத்தில் ஓ.டி. ஆன் டியூட்டி மட்டும் ஆங்கிலத்திலும் ஓ.டி.தான், அதை நான் விட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் வேறு வேறாக இருக்கும் இரண்டு சுருக்கங்கள் அங்கே தமிழுக்கு வரும்போது ஒன்றாகிவிடுகின்றன. 'அப்பாவை ஓ.டி.க்குக் கொண்டு போய்விட்டார்கள்' என்று அங்கிருந்து ஒரு செய்தி வந்தால், நாங்கள் ஓவர்டோஸ் என்று பயப்படத் தேவையில்லை, சத்திரசிகிச்சைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். தமிழில் வந்த சுருக்கம் என்றால் முதல் படியோடு இன்னொரு கேள்வியையும் சேருங்கள்: எழுதியவர் எந்தக் கரைத் தமிழர்?

இன்னொரு சேர்க்கை

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், தான் வாங்கிய பழைய ஜப்பான் ஓட்டோ கியர் காரில் 'ஓ.டி. ஓஃப்' என்று விளக்கு எரிவதாகவும், கார் பழுதா என்றும் கேட்டிருந்தார். அது ஓவர்டிரைவ். நான்கு கியர் உள்ள அந்தப் பெட்டிகளில் நான்காவது கியருக்கு அந்தப் பெயர், அதில் எஞ்சின் சுற்றுவதைவிட வெளியே போகும் தண்டு வேகமாகச் சுற்றும். கியர் கம்பியின் பக்கத்தில் உள்ள பொத்தான் அமுங்கியதும் அந்த நான்காவது கியர் தடைப்பட்டு விளக்கு எரிகிறது. மறுபடி அமுக்கினால் அணையும். மட்டக்களப்பு, அம்பாறைச் சமதரையில் விளக்கை அணைத்தே வைத்து ஓடலாம். மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போய்த் திரும்பும்போது பதினெட்டு வளைவில் இறங்கும் இடத்தில் மட்டும் அமுக்கி விளக்கை எரிய விடுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் அவ்வளவு சூடாகாது. பொத்தானைத் தொடாமலே விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது வேறு கதை, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.