நிச்சயதார்த்தக் கூட்டத்திலேயே வம்சாவளி எழுதுவது எப்படி?

வம்சாவளி எழுத நினைக்கிறவர்களுக்குப் பெரிய சிக்கல், பெரியவர்கள் ஆளுக்கொரு திசையில் இருப்பதுதான். நிச்சயதார்த்தத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கல்யாணத்தன்று இதற்கு வாய்ப்பே இல்லை, யாருக்கும் நிற்க நேரமிருக்காது. பதிவேடுகளையும் பத்திரங்களையும் அப்புறம்கூடத் தேடிக்கொள்ளலாம். பெரியவர்கள் வாயிலிருந்து மட்டுமே வரக்கூடியதை இன்றே கேட்டு வாங்குங்கள்.

முதல் படி: எண் போடுவது

பெண்ணுக்கு ஒரு தாள், மாப்பிள்ளைக்கு ஒரு தாள். யாருடைய தாளோ அவர் 1, அவருடைய அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பாவின் எண் வரும். அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மா. ஆக, 13 என்றால் அம்மாவின் அப்பாவைப் பெற்றவள். 1590-இல் ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் மிக்கேல் ஐட்சிங்கர் அச்சில் கொண்டுவந்த முறை இது, இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கொள்ளுத் தாத்தா, பாட்டி வரை ஒரு தாளுக்கு 15 கட்டங்கள். உடன்பிறந்தவர்களை அந்தந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், மூத்தவர் முதல் வரிசையாக எழுதுங்கள்.

இரண்டாம் படி: தாளை நடுவில் விரிப்பது

தெரிந்ததை மட்டும் நிரப்பி, பெரிய சார்ட் பேப்பரில் எழுதி, ஆட்கள் உட்காரும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். பக்கத்திலேயே பென்சில். சந்தேகமான பெயர்களைக் கேள்விக்குறியோடு எழுதுங்கள், இதுதான் தூண்டில். "உங்கள் பாட்டி பெயர் என்ன?" என்று கேட்டால் யோசிக்கிறவர்கள், தவறான பெயரைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: கேட்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒருவரைத் தனியே உட்கார வைக்காமல், வயதொத்த இருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். அனுமதி கேட்டுவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவருக்கு அருகில் வைத்துப் பதிவு செய்யுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம்.

வருஷம் கேட்காதீர்கள், வரிசை கேளுங்கள். "எந்த வருஷம் இறந்தார்?" என்றால் உதடு பிதுங்கும். "அவர் போனபோது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்களா? அக்கா கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். நான்கைந்து பதில்கள் சேர்ந்தால் வருஷத்தை நீங்களே நெருங்கிவிடலாம்.

உறவுமுறையை மட்டும் எழுதி வைத்தால் பின்னால் தலை சுற்றும். அத்தை என்றால் அப்பாவின் தங்கையா, மாமாவின் மனைவியா, கணவனின் அம்மாவா? சொன்னவருக்கு அத்தையாக இருப்பவர் உங்களுக்குப் பாட்டி முறையாகவும் இருக்கலாம். எப்போதும் பெயர், யாருடைய மகள், யாருடைய மனைவி என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். செல்லப் பெயர்தான் தெரியும் என்றால் அதையும் விடாதீர்கள், பழைய கடிதங்களில் அதுதான் இருக்கும்.

இன்னொன்று: இரண்டாம் கல்யாணம், தத்து, பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி என்று ஏதாவது தலைகாட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் தோண்டுவது அழகல்ல. வேறொரு நாள் தனியாகக் கேட்கலாம்.

நான்காம் படி: படங்கள்

பழைய போட்டோ கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே தகவல் கொடுத்துவிடுங்கள். இரவல் வாங்கிப் போக வேண்டாம், அங்கேயே படம் எடுங்கள். பிளாஷ் கூடாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, போனை நேர் மேலே பிடியுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், தேதியோ ஸ்டுடியோ முத்திரையோ இருக்கலாம். ஆல்பத்தில் ஒட்டிப்போனதைப் பிய்க்காதீர்கள். பிறகு ஸ்கேன் செய்ய வாய்த்தால் நுணுக்க அளவை 600 டிபிஐ என்று வையுங்கள். "இடமிருந்து வலம்" என்று பெயர்களைச் சொல்லச் சொல்லிக் குரலாகப் பதிவு செய்துகொள்வது சுலபம். போட்டோவின் பின்னால் எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சில்தான். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

ஐந்தாம் படி: கணினியில் ஏற்றுவது

ஒரு வாரத்துக்குள் செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. கிராம்ப்ஸ் என்ற இலவச வம்சாவளி மென்பொருளை நிறுவினால், தகவல் உங்கள் கணினியிலேயே இருக்கும். பலரும் சேர்ந்து எழுத, இணையத்தில் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் இலவசம். நான் முதலில் கிராம்ப்ஸையே சொல்வேன், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி உங்கள் கையை விட்டுப் போகாது. எதில் எழுதினாலும் கெட்காம் வடிவத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வம்சாவளி மென்பொருள்களுக்கு இடையே தகவலை மாற்றிக்கொள்ள 1984-இல் வந்த கோப்பு வடிவம் அது. நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் திரும்பத் தட்டச்ச வேண்டாம்.

ஒவ்வொரு தகவலோடும் சொன்னவர் யார் என்று குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வையுங்கள், அதைத் தீர்க்கப் பின்னால் ஒரு பதிவேடு அகப்படலாம். டிஎன்ஏ பரிசோதனைக்கு இப்போது அவசரமில்லை.

எல்லாம் ஏற்றியதும் ஒரு பிடிஎஃப் எடுத்து, கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டு, இரண்டு வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்புங்கள். திருத்தங்கள் வரத் தொடங்கும். அவற்றை அவ்வப்போது ஏற்றி, கல்யாணத்துக்குள் அடுத்த பிரதியை எடுத்துவிடலாம்.