சாதா கட்டி, எபிஜெனெட்டிக் மாற்றம்: எங்கே தவறிவிடுகிறோம்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஃபைப்ரோஅடினோமா, அதாவது மார்பில் வரும் புற்றில்லாத சாதா கட்டி, என்று வந்ததும் போனில் தேடி, எபிஜெனெட்டிக் மாற்றம் என்று எங்கோ படித்துவிட்டு, புற்றுநோய் தொடங்கிவிட்டது என்று அழுகிறவர்கள் இருக்கிறார்கள். சாதா கட்டிதானே என்று ரிப்போர்ட்டை பீரோவில் போட்டுப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ரெண்டுமே தப்பு.

டிஎன்ஏவின் எழுத்து வரிசை மாறாமலே, அதன் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு ஒட்டிக்கொண்டு ஒரு மரபணுவை வேலை செய்யவிடாமல் அடக்கிவிடும். கடை அப்படியே இருக்க, ஷட்டர் மட்டும் இறங்கிய மாதிரி. இது எபிஜெனெட்டிக் மாற்றத்தில் ஒரு வகை. செல் கண்டபடி பெருகாமல் கடிவாளம் போடும் ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ மரபணு மார்பகப் புற்றில் இப்படி அடங்கிக் கிடப்பதுண்டு, ஆனால் அதே மெத்தில் குறியை ஃபைப்ரோஅடினோமாவிலும் பார்த்திருக்கிறார்கள், அதனால் அந்தக் குறியை மட்டும் வைத்துப் புற்று என்று சொல்லவே முடியாது. அதைத் தேடி ரத்த டெஸ்டுக்குப் பணம் கட்டவும் வேண்டாம். மெத்திலை இறக்கும் என்று யாராவது பொடி விற்றால் வாங்காதீர்கள். அந்த வேலையைச் செய்யும் அசாசிடிடின் என்ற மருந்து ரத்த நோய்களுக்கானது, மார்புக் கட்டிக்கு இல்லை.

இன்னொரு குழப்பம் எம்இடி12 என்ற மரபணு. இதில் வருவது எபிஜெனெட்டிக் மாற்றம் இல்லை, எழுத்தே மாறுகிற பிறழ்வு. 2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பத்தில் ஆறு ஃபைப்ரோஅடினோமாக்களில் இதைக் கண்டார்கள். அதுவும் கட்டியின் இணைப்புத் திசுவில் பிற்பாடு வந்த மாற்றம், தாயிடமிருந்து வந்ததோ மகளுக்குப் போவதோ இல்லை. கல்யாணம் பேசுகிற நேரத்தில் "பரம்பரை வியாதி" என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்து கட்டியை மறைக்கும் வீடுகளுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். மறைக்க இதில் ஒன்றுமே இல்லை.

நம் கடற்கரையில் நடக்கிற தவறு வேறு மாதிரி. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்க முங்கும் அக்காமார், பாறை இடித்ததில் வந்த வீக்கம் என்று ஒத்தடம் கொடுத்தே மாதங்களை ஓட்டிவிடுவார்கள். அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறுகிக் கட்டியாவதும் உண்மைதான், ஆனால் அது கைக்கும் ஸ்கேனுக்கும் புற்று போலவே தெரியலாம். அதனால்தான் டாக்டர் கையால் பார்ப்பது, ஸ்கேன், ஊசி டெஸ்ட் என மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்ற பேச்சைக் கேட்டு அந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அறுத்து எடுத்தாலும் அந்தத் துண்டு பயாப்ஸிக்குப் போனதா என்று கேளுங்கள், ஏனென்றால் ஃபைப்ரோஅடினோமா மாதிரியே இருக்கும் ஃபில்லோட்ஸ் கட்டி வேகமாக வளரும், அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, ஊசி டெஸ்டும் சாதா என்றே சொல்லிவிட்டது. அப்புறமும் ஆறு மாதத்தில் மறு ஸ்கேன் எழுதியிருந்தால் போயே ஆக வேண்டும். "ஏப்ரல் 15க்கு மேல் மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், வேலை இருக்காது, பார்த்துக்கலாம்" என்று தள்ளாதீர்கள். தோல் குழிந்தால், காம்பில் ரத்தம் கசிந்தால், அக்குளில் கட்டி தட்டுப்பட்டால், நாற்பதுக்கு மேல் புதுசாக ஒன்று வந்தால், ஆறு மாதமெல்லாம் இல்லை, அந்த வாரமே ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.