கட்டணம் மாறிய மாதத்தில் மின்பட்டியலைச் சரிபார்க்கும் முறை

மின்கட்டணத் திருத்தத்தை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரித்ததும், புதிய அட்டவணை எந்தத் திகதி முதல் நடைமுறைக்கு வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வரும் முதற் பட்டியலை மொத்தத் தொகையை மட்டும் பார்த்துச் செலுத்திவிடாமல், அதிலுள்ள முந்தைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு, நாட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பாருங்கள்.

தற்போதைய வாசிப்பை மின்மானியோடு ஒப்பிடும்போது, சில மானிகளில் சிவப்பு நிறத்தில் ஓடும் கடைசி இலக்கம் தசமம் என்பதால் அதைச் சேர்க்கக் கூடாது. இரு வாசிப்புகளின் வித்தியாசமே நீங்கள் பாவித்த அலகுகள்.

வீட்டுப் பாவனையில் 60 அலகு மிக முக்கியமான எல்லை. அதனைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுகளுக்கும் வேறு வீதத்தில் கட்டணம் கணிக்கப்படுவதோடு, நிலையான கட்டணமும் உயர்கிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருவர் மட்டும் வாழும் வீட்டுக்குக்கூட 62 அலகுப் பட்டியல் பாரமாகத் தெரிவது இதனாற்றான். ஆனால் இவ்வெல்லை 30 நாட்களுக்கானது. மானி வாசிப்பவர் தாமதித்து 33ஆம் நாளில் வந்திருந்தால் எல்லை 66 அலகாக விரிய வேண்டும்; அவ்வாறு கணிக்கப்பட்டுள்ளதா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

பிழை தென்பட்டால் மானியைத் திகதியுடன் படமெடுத்து, கணக்கிலக்கத்தோடு முறையிடுங்கள். கொழும்பு நகரில் 1987 இலக்கத்தை அழைக்கலாம். நுகேகொடை, ஸ்ரீ ஜெயவர்த்தனபுரக் கோட்டை போன்ற பகுதிகளில் லெகோ (லங்கா மின்சாரத் தனியார் கம்பனி) நிறுவனமே மின் வழங்குவதால் அங்கே முறையிட வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கு தீர்வு கிடைக்காவிடில் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம்.